முடித்து வைப்பதும் முடிந்து வைப்பதும்: பாக்கி வேலைகள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஓர் அரசு அலுவலகத்தில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் கோப்புகளோடு குப்பை கொட்டியவன் நான். மருத்துவன் அல்ல, மனநல ஆலோசகனும் அல்ல. 'நிலுவை' என்ற சொல்லோடு நெடுநாள் குடித்தனம் நடத்தியவன் என்பதுதான் என் ஒரே தகுதி. செய்த வேலையால் வரும் களைப்பைவிடச் செய்யாத வேலையை நினைத்து வரும் களைப்புதான் பெரிது என்று அக்கம்பக்கத்தாரும் உறவினரும் புலம்பக் கேட்டிருக்கிறேன். அவர்கள் திரும்பத் திரும்பக் கேட்டவற்றையும் நான் சொன்னவற்றையும் கீழே தொகுத்திருக்கிறேன். ஆய்வு என்று வரும் இடங்கள் படித்தவை, மற்றவை பட்டவை.

முடித்த வேலை மறந்துபோகிறது. முடிக்காத வேலை மட்டும் ஏன் மண்டைக்குள் குடைந்துகொண்டே இருக்கிறது?

பள்ளியில் படித்த வினையெச்சத்தை நினைத்துக்கொள்ளுங்கள். "நேற்று வங்கிக்குப் போய்..." என்று ஒருவர் சொல்லி நிறுத்திவிட்டால், நமக்கு இருப்புக்கொள்ளாது. போய்? போய் என்ன செய்தீர்கள்? வினைமுற்று வந்து சேரும்வரை காது காத்துக்கொண்டே இருக்கும். பாதியில் நிற்கும் வேலையிடமும் மனம் அப்படித்தான் நடந்துகொள்கிறது.

பெர்லினில் குர்த் லெவின் என்ற உளவியலாளரிடம் பயின்ற புளூமா ஸைகார்னிக் 1927இல் இதைப் பற்றி ஓர் ஆய்வை வெளியிட்டார். புதிர், களிமண் உருவம், மணி கோத்தல் என்று சுமார் இருபது சிறு வேலைகளைக் கொடுத்து, பாதி வேலைகளை நடுவிலேயே நிறுத்தச் சொன்னார். பிறகு என்னென்ன செய்தீர்கள் என்று கேட்டபோது, நிறுத்தப்பட்ட வேலைகளே ஏறக்குறைய இரண்டு மடங்கு நினைவில் நின்றன. உணவக ஊழியர் பணம் வாங்கும்வரை மேசைக் கணக்கை மனப்பாடமாக வைத்திருந்து, வாங்கியதும் மறந்துவிடுவதைக் கண்டதிலிருந்து இந்த ஆய்வு பிறந்ததாக ஒரு கதையும் உண்டு.

பிற்காலத்தில் இதே சோதனையைச் செய்தவர்களுக்கு இதே முடிவு எப்போதும் கிடைக்கவில்லை. அவருடைய சகா மரியா ஒவ்சியான்கினா 1928இல் கண்டதுதான் உறுதியாக நிற்கிறது: பாதியில் நிறுத்தப்பட்டவர்கள், யாரும் சொல்லாமலேயே அந்த வேலையை மீண்டும் கையில் எடுக்கப் போகிறார்கள். என் அனுபவமும் இவர் பக்கம்தான். முடிக்காத வேலை நன்றாக நினைவில் இருந்தால் வங்கி வாசலைக் கடக்கும்போதல்லவா தோன்ற வேண்டும்? தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டு குளியலறையில் நிற்கும்போது தோன்றுகிறது. அது நினைவாற்றல் அல்ல, நச்சரிப்பு.

அப்படியானால் எல்லா வேலையையும் முடித்துவிட்டால் நிம்மதி வந்துவிடுமா?

வராது, ஏனென்றால் எல்லாம் முடிகிற நாள் என்று ஒன்று கிடையாது. மனிதர்கள் குடியிருக்கும் வீட்டில் பாத்திரம் விழுந்துகொண்டேதான் இருக்கும். "எல்லாவற்றையும் முடித்துவிட்டு உட்காருகிறேன்" என்பவரை நான் உட்கார்ந்து பார்த்ததே இல்லை.

வேலையை முடிக்காமல், மனத்தை மட்டும் எப்படி அமைதிப்படுத்துவது?

நம் வீடுகளில் இதற்குப் பழைய வழி ஒன்று இருக்கிறது. குழந்தைக்குக் காய்ச்சல் என்று குலதெய்வத்துக்கு வேண்டிக்கொள்கிறோம். உடனே கோயிலுக்குப் போக முடியவில்லை. பாட்டி என்ன செய்வார்? மஞ்சள் தோய்த்த துணியில் ஒரு நாணயத்தை வைத்து முடிந்து, சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்துவிடுவார். நேர்த்திக்கடன் தீரவில்லை, ஆனால் பாட்டி அன்றிரவு தூங்குவார். அவரால் முடித்து வைக்க முடியவில்லை, எனவே முடிந்து வைத்தார். ஓர் எழுத்துதான் வித்தியாசம்.

2011இல் மாசிகாம்போ, பாமைஸ்டர் என்ற அமெரிக்க உளவியலாளர்கள் வெளியிட்ட ஆய்வும் ஏறக்குறைய இதைத்தான் சொல்கிறது. நிறைவேறாத காரியம் ஒன்றை மனத்தில் கிளறிவிட்டால், அடுத்து ஒரு கதையைப் படிக்கக் கொடுத்தாலும் கவனம் சிதறுகிறது. அந்தக் காரியத்தை எப்போது, எங்கே, எப்படிச் செய்வது என்று குறிப்பாகத் திட்டம் எழுதச் சொன்னவர்களுக்கோ அந்த இடையூறு அடங்கிவிடுகிறது. இத்தனைக்கும் வேலையில் ஒரு துரும்பைக்கூட அவர்கள் நகர்த்தியிருக்கவில்லை. அடுத்த அடி எது என்று தீர்மானமாகிவிட்டால், வேலை முடிகிறவரை மனம் நச்சரிப்பதில்லை.

முடிச்சு எப்படி இருக்க வேண்டும் என்பதையும் பாட்டியிடமே கற்கலாம். யாருக்காக, எந்தச் சாமிக்கு என்று தெளிவு உண்டு. வைக்கும் இடம் ஒன்றே ஒன்று, தினமும் விளக்கேற்றும்போது கண்ணில் படுகிற இடம். "ஆடி வெள்ளிக்குப் போய்விட வேண்டும்" என்று நாளும் உண்டு. இந்த மூன்றில் ஒன்று குறைந்தாலும் அது முடிச்சு அல்ல, சாக்கு.

பட்டியல் போட்டுப் பார்த்தேன். அதைப் பார்த்தால் இன்னும் பயமாக இருக்கிறதே?

உங்கள் பட்டியலை எடுத்துப் பாருங்கள். பெரும்பாலும் அதில் வேலைகள் இருக்காது; தலைப்புகள் இருக்கும். 'பட்டா', 'இன்ஸூரன்ஸ்', 'பையன் படிப்பு', 'மாடி'. ஒவ்வொன்றும் ஒரு மலை. மலையை எப்படிச் செய்வது?

'பட்டா' என்பதையே எடுத்துக்கொள்வோம். அப்பா காலமாகி இரண்டு ஆண்டுகள் ஆகின்றன, நிலம் இன்னும் அவர் பெயரிலேயே இருக்கிறது. நெஞ்சில் ஈயக்குண்டு போலக் கிடக்கும் இந்த ஒற்றைச் சொல்லைப் பிரித்துப் பார்த்தால்: இறப்புச் சான்றிதழ் அசல் எங்கே இருக்கிறது என்று தேட வேண்டும். வாரிசுச் சான்றுக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்க வேண்டும். வட்டாட்சியர் அலுவலகம் விசாரித்துத் தரும். தாய்ப்பத்திரம் அண்ணனிடம் இருக்கிறதா, தங்கையிடம் இருக்கிறதா என்று தெரிய வேண்டும். வில்லங்கச் சான்று போட்டுப் பார்க்க வேண்டும். உடன்பிறந்தவர்கள் பாகப்பிரிவினை செய்துகொள்வதா, எல்லோர் பெயரிலும் கூட்டுப் பட்டாவாக மாற்றுவதா என்று உட்கார்ந்து பேச வேண்டும். அதன் பிறகுதான் பட்டா மாறுதல் விண்ணப்பம்.

இப்போது சொல்லுங்கள், இரண்டு ஆண்டுகளாக உங்களைத் தடுத்தது எது? விண்ணப்பப் படிவம் அல்ல. அண்ணனோடு பேச வேண்டிய அந்தப் பேச்சு. பட்டியலில் 'பட்டா' என்று எழுதியிருக்கும்வரை அது ஒளிந்துகொண்டுதான் இருக்கும். ஆகவே பட்டியலில் வர வேண்டியது: "சனிக்கிழமை மாலை அண்ணன் வீட்டுக்குப் போய், தாய்ப்பத்திரத்தின் நகல் கேட்பது." வினைச்சொல், நாள், ஆள் மூன்றும் இருக்கிற வரி. மற்ற அடிகளை வேறொரு தாளில் எழுதி மடித்து வையுங்கள். அவற்றின் முறை வரட்டும்.

நான் செய்ய வேண்டியதைச் செய்துவிட்டேன். இப்போது வேலை அடுத்தவர் கையில். ஆனாலும் நிம்மதி இல்லை.

இதற்கு என் பழைய அலுவலகத்திடம் பதில் இருக்கிறது. அரசு அலுவலகத்தில் ஒவ்வோர் எழுத்தருக்கும் தன்பதிவேடு என்று ஒன்று உண்டு. வந்த கடிதம் என்ன, அதன் மேல் என்ன செய்தோம், எந்தத் தேதியில் என்பதெல்லாம் அதில் ஏறும். விவரம் கேட்டு வேறோர் அலுவலகத்துக்கு எழுதிவிட்டால் கணக்குத் தீர்ந்துவிடாது. எப்போது நினைவூட்டு அனுப்ப வேண்டும் என்று பார்க்க வேண்டும். அந்தத் தேதி வரும்வரை கோப்பைத் தொட வேண்டியதில்லை; நினைக்கவும் வேண்டியதில்லை. அரசு அலுவலகத்தைப் பற்றி ஆயிரம் குறை சொல்லுங்கள், கேட்டுக்கொள்கிறேன். இந்த ஏடு மட்டும் அருமையான ஏற்பாடு.

தச்சர் அலமாரி செய்து தருவதாகச் சொன்னார், கடன் வாங்கிய மைத்துனர் திருப்பித் தருவதாகச் சொன்னார், காப்பீட்டுக் கோரிக்கை பரிசீலனையில் இருக்கிறது. ஒவ்வொன்றின் எதிரிலும் அடுத்து எந்த நாளில் கேட்பேன் என்று எழுதுங்கள். அதற்கு முன்பு கேட்டால் நச்சரிப்பு, அதற்குப் பின்பு கேட்டால் அசட்டை. தேதி எழுதாவிட்டால் தினமும் மனத்துக்குள் கேட்டுக்கொண்டிருப்பீர்கள்; வாயால் ஒரு முறையும் கேட்டிருக்க மாட்டீர்கள்.

படுத்தவுடன்தான் எல்லாம் வரிசையாக நினைவுக்கு வருகின்றன. என்ன செய்வது?

எழுந்து எழுதுங்கள். அமெரிக்காவின் பேய்லர் பல்கலைக்கழகத்தில் 57 இளைஞர்களை வைத்து ஓர் ஆய்வு நடந்தது, 2018இல் வெளியானது. படுக்கும் முன் ஐந்து நிமிடம், ஒரு பாதியினர் வரும் நாட்களில் செய்ய வேண்டியதை எழுதினார்கள். மறுபாதியினர் அண்மையில் செய்து முடித்ததை எழுதினார்கள். செய்ய வேண்டியதை எழுதியவர்கள் சுமார் ஒன்பது நிமிடம் முன்னதாகத் தூங்கிவிட்டார்கள். அவர்களிலும் விவரமாக, நிறைய எழுதியவர்களுக்கு இன்னும் சீக்கிரம் தூக்கம் வந்திருக்கிறது. ஒன்பது நிமிடம் பெரிய விஷயமா என்று கேட்பவர், இரவு இரண்டு மணிக்கு விட்டத்தைப் பார்த்துப் படுத்திருந்த அனுபவம் இல்லாதவராக இருக்க வேண்டும்.

செல்பேசியில் எழுதாதீர்கள். குறிப்பு எழுதப் போனவர் வாட்ஸ்அப்பில் போய் விழுவார். தலைமாட்டில் ஒரு தாளும் பென்சிலும் போதும்.

மற்றவர்களுக்குக் கொடுத்த வாக்குதான் என்னை அதிகம் வதைக்கிறது. அதற்கும் இதே வழிதானா?

பாதி வழிதான். உங்கள் சொந்த வேலையை நீங்களே தள்ளி வைக்கலாம், அடித்தும் விடலாம். வாக்கு அப்படி அல்ல; அதன் மறுநுனி இன்னொருவர் கையில் இருக்கிறது. நீங்கள் மட்டும் மனத்துக்குள் கணக்கை முடித்துக்கொண்டால், அவர் அங்கே காத்துக்கொண்டிருப்பார்.

பண விஷயத்தில் நாம் கெட்டிக்காரர்கள். கல்யாண வீட்டு மொய் நோட்டைப் பாருங்கள். ஊர், பெயர், தொகை எல்லாம் துல்லியமாக இருக்கும். புதுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் ஆடி மாதம் மொய் விருந்து நடக்கும்போது லட்சக்கணக்கில் பணம் புரள்வது அந்த நோட்டை நம்பித்தான். ஆனால் "அடுத்த வாரம் வந்துவிடுகிறேன்", "விசாரித்துச் சொல்கிறேன்", "பையனுடைய பயோடேட்டாவை அனுப்பி வையுங்கள், பார்க்கலாம்" என்று நேரத்தையும் முயற்சியையும் மொய்யாக எழுதும்போது மட்டும் நோட்டுக் கிடையாது, எல்லாம் காற்றில். ஆகவே முதல் வேலை, ஒரு வாக்கு நோட்டு: யாருக்கு, என்ன, எப்போது சொன்னேன். ஒரு மாதம் எழுதினால் போதும். வாய் தானாகவே சுருங்கிவிடும்.

இரண்டாவது, அந்தப் 'பார்க்கலாம்'. சொல்பவருக்கு அது பெரும்பாலும் 'முடியாது', கேட்பவருக்கு 'சரி'. முகத்துக்கு நேரே இல்லை என்று சொல்லக் கூசி நாம் கண்டுபிடித்த சொல் அது. கூச்சம் ஒரு நிமிடத்தில் தீரும், எச்சம் மாதக்கணக்கில் நீளும்.

என் கதையையே சொல்கிறேன். சித்தப்பா பேரனுக்கு வேலைக்குச் சிபாரிசு செய்வதாக ஒரு கல்யாணப் பந்தியில் வாய்விட்டுவிட்டேன். சிபாரிசு செய்யும் அளவுக்கு எனக்கு அங்கே யாரும் பழக்கமில்லை. அதன் பிறகு இரண்டு ஆண்டுகள் அந்தக் குடும்பத்து விசேஷங்களுக்கே போகவில்லை. போனாலும் பந்தி முடிந்ததும் பின்வாசல் வழியாக வந்துவிடுவேன். ஒருநாள் பொறுக்க முடியாமல் சித்தியைத் தொலைபேசியில் அழைத்து, "சித்தி, தம்பி வேலை விஷயமாக நான் யாரிடமும் பேசவில்லை. பேசுகிற இடத்தில் நான் இல்லை. எனக்காகக் காத்திருக்க வேண்டாம்" என்றேன். அவர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "எந்த வேலை? அவன் திருப்பூரில் சேர்ந்து ஒரு வருஷம் ஆகிறதே" என்றார். சிபாரிசு பற்றிய பேச்சையே அவர் மறந்திருந்தார். பின்வாசல் வழியாக நான் நடந்த நடையெல்லாம் வீண்.

எல்லாச் சித்திகளும் மறந்திருப்பார்கள் என்று சொல்லவில்லை. சிலர் கோபப்படுவார்கள். படட்டும், வேறு ஆளைப் பார்த்துக்கொள்ள அவர்களுக்கு இன்னும் நேரம் இருக்கும்போதே கோபப்படட்டும்.

"ஞாயிற்றுக்கிழமை முடித்துவிடலாம்" என்று நினைக்கிறேன். எந்த ஞாயிறும் முடிவதில்லை. ஏன்?

எல்லோருக்கும் உள்ள கோளாறுதான். 1994இல் வெளியான ஆய்வு ஒன்றில், கனடாவில் பட்டப்படிப்பின் இறுதி ஆய்வேட்டை எழுதிக்கொண்டிருந்த மாணவர்களிடம் எத்தனை நாளில் முடிப்பீர்கள் என்று கேட்டார்கள். சராசரியாகச் சுமார் 34 நாள் என்றார்கள். எல்லாமே கோளாறாகப் போனால்? 49 நாள் ஆகலாம் என்றார்கள். உண்மையில் ஆனது 55 நாளுக்கு மேல். அவர்கள் நினைத்த மோசமான நிலையைக்கூட நடப்பு தாண்டிவிட்டது.

திட்டம் போடும்போது நாம் வேலையை மட்டும் கணக்கில் எடுக்கிறோம். அந்த ஞாயிற்றுக்கிழமை முகூர்த்த நாள் என்பதும், மின்சாரம் போகும் என்பதும், ஒன்றுவிட்ட அண்ணன் குடும்பத்தோடு வந்து இறங்குவார் என்பதும் கணக்கில் வருவதில்லை. இதற்கு முன் இதே மாதிரி வேலை எத்தனை நாள் எடுத்தது என்று பாருங்கள். அந்த எண்ணை அப்படியே எழுதுங்கள். இந்த முறை வேகமாக முடித்துவிடுவேன் என்று தோன்றும். போன முறையும் அப்படித்தான் தோன்றியது.

வினையை மிச்சம் வைக்காதே என்கிறார் வள்ளுவர். நீங்கள் தள்ளி வைக்கச் சொல்கிறீர்களே?

நல்ல கேள்வி. மிச்சம் வைத்த வினையும் பகையும், அணைக்காமல் விட்ட தீயின் மிச்சம் போலக் கெடுக்கும் என்பது 674ஆவது குறள். ஆனால் அதே வினைசெயல்வகை அதிகாரத்தில், இரண்டு குறளுக்கு முன்பு என்ன இருக்கிறது? தாமதித்துச் செய்ய வேண்டியதைத் தாமதித்தே செய், தாமதிக்கக் கூடாததைத் தாமதிக்காதே என்கிறார். தள்ளிப்போடுவதைப் பற்றி அவருக்குப் பொதுவான கோபம் கிடையாது. எது எந்த வகை என்று தீர்மானிக்காமல் கிடப்பில் போடுவதுதான் தீ மிச்சம். பல்வலியைத் தள்ளிப்போடாதீர்கள். இறப்புப் பதிவை 21 நாளுக்குள் செய்துவிடுங்கள், தாமதித்தால் அலைச்சல். பரணைச் சுத்தம் செய்வது தைக்குக் காத்திருக்கலாம்.

வீட்டில் எல்லோருடைய வேலையும் என் தலையில்தான் இருக்கிறது. கேட்டால், "சொல்லேன், செய்து தருகிறேன்" என்கிறார்கள்.

இதைக் கேட்பவர்கள் எப்போதும் பெண்கள்தான். ஓர் ஆண்கூட இதுவரை என்னிடம் கேட்டதில்லை.

எரிவாயு உருளை தீரப் போகிறது, மாமியாரின் மாத்திரை வியாழனோடு முடிகிறது, பள்ளிக் கட்டணத்துக்குக் கடைசி நாள் பத்தாம் தேதி, பால்காரருக்கு இரண்டு நாள் கழிக்க வேண்டும், நாத்தனார் பிள்ளைக்குக் காதுகுத்து. இவற்றைச் செய்வது ஒரு வேலை. இவையெல்லாம் இருக்கின்றன என்று நினைவில் வைத்திருப்பது இன்னொரு வேலை. "சொன்னால் செய்கிறேன்" என்பவர் முதல் வேலையை மட்டுமே வாங்கிக்கொள்கிறார். பதிவேடு இன்னும் உங்கள் மடியில்தான் இருக்கிறது.

ஆகவே வேலையைப் பிரித்துக் கொடுக்காதீர்கள்; துறையைப் பிரித்துக் கொடுங்கள். அம்மாவின் மருந்து என்றால் சீட்டு, கடை, தீரும் நாள், மருத்துவரிடம் முன்பதிவு அத்தனையும் மகனுடைய பொறுப்பு. நடுவில் நீங்கள் நினைவூட்டக் கூடாது. இதுதான் கடினமான பகுதி, ஒத்துக்கொள்கிறேன். அவர் இரண்டு முறை கோட்டை விடுவார். உயிர்காக்கும் மருந்தில் அந்தப் பரீட்சை வேண்டாம், எரிவாயுவில் தொடங்குங்கள். ஒரு வேளை கடையில் இட்லி வாங்கித் தின்றால் குடும்பம் கவிழ்ந்துவிடாது.

எந்தச் செயலி நல்லது?

தினசரிக் காலண்டரில் கிழித்த தாளின் பின்பக்கம். செயலியில் உங்களுக்குப் பழக்கம் இருந்தால் அதுவும் சரி. இரண்டையும் வைத்துக்கொள்ளாதீர்கள், எதில் எழுதினோம் என்பதே இன்னொரு நிலுவையாகிவிடும்.

இது சாதாரண மன அழுத்தம்தானா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பாக்கி வேலை உறுத்துவது இயல்பு. ஆனால் எந்த வேலையையும் தொடவே முடியாத நிலை, எதிலும் ஈடுபாடு இல்லாமை, தூக்கமும் பசியும் கெட்டுப்போவது எல்லாம் இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால், பட்டியலும் முடிச்சும் போதாது. மருத்துவரைப் பார்க்க வேண்டும். உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் ஒரு முறை வந்தாலும் இரண்டு வாரம் காத்திருக்கக் கூடாது. இந்தியாவில் டெலி மானஸ் என்ற இலவச அரசு மனநல உதவி எண் 14416. 2022 அக்டோபரில் தொடங்கியது, 24 மணி நேரமும் இயங்குகிறது, தமிழிலும் பேசலாம். இலங்கையில் இருப்பவர்கள் 1926 என்ற எண்ணை அழைக்கலாம். அழைப்பதையும் பட்டியலில் எழுதி நாள் குறிக்காதீர்கள். அழைத்துவிடுங்கள்.

மஞ்சள் துணியில் முடிந்து வைத்தது எதற்காக என்றே மறந்துபோய்விட்டது. இப்போது என்ன செய்வது?

இதை என்னிடம் மூன்று வீடுகளில் கேட்டுவிட்டார்கள். குலதெய்வக் கோயில் உண்டியலில் போட்டுவிடுங்கள் என்பார்கள் பெரியவர்கள், எங்கள் வீட்டிலும் அதுதான் வழக்கம். ஏன் எழுதினோம் என்றே மறந்துபோன பட்டியல் வரிகளையும் அவ்வாறே செய்யலாம். பாதியில் நின்ற வீணைப் பயிற்சி, இந்தி வகுப்பு, பின்னிக்கொண்டிருந்த ஸ்வெட்டர்... அந்தக் குழந்தைக்கு இப்போது கல்யாணமே ஆகியிருக்கும். கோடு போட்டு அடித்துவிடுங்கள். அடுத்த முறை முடியும்போது நாணயத்தோடு ஒரு துண்டுச் சீட்டும் வையுங்கள்: யாருக்காக, எந்தக் கோயிலுக்கு, என்றைக்கு என்று. துணியைத் தூக்கி எறிய வேண்டாம், அலசிக் காயவைத்தால் இன்னொரு முடிச்சுக்கு ஆகும்.